உனக்கு எதுக்கு லத்தீன்?

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் சேர அப்பாவோடு பள்ளிக்கூடத்துக்குப் போன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதல் குரூப் கேட்டு விண்ணப்பம் எழுதியிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டார். அப்பா சொன்னார். “இவனுக்கு எதுக்குப்பா ஃபர்ஸ்ட் குரூப்? வேளாண்மை தொழிற்பிரிவு போட்டுடறேன். உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே” என்றார் ஆசிரியர். கையைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பா, “நீங்க பாத்துச் செஞ்சா சரிதாங்க சார்” என்றார்.

என்னைவிட முப்பது மதிப்பெண் குறைவாக எடுத்த ஊர்த்தெருப் பையன் அன்று முதல் குரூப்பில் சேர்ந்தான். அந்த ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

“உனக்கு எதுக்கு?” என்ற இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளிடம் இதே கேள்வி பல தலைமுறைகளாகக் கேட்கப்பட்டது. அங்கே முதல் குரூப்பின் இடத்தில் இருந்தது லத்தீன் மொழி.

இரண்டு வகைப் பள்ளிகள்

லத்தீன் பழைய ரோமானியர்களின் மொழி. இன்று அதை எந்த நாட்டிலும் மக்கள் வீட்டில் பேசுவதில்லை. ஆனால் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் சட்டம், மருத்துவம், திருச்சபை, பல்கலைக்கழகம் எல்லாம் அந்த மொழியில்தான் நடந்தன. லத்தீன் தெரிந்தவனே படித்தவன் என்று கருதப்பட்டான்.

அமெரிக்காவில் இப்போது ‘செவ்வியல் கிறிஸ்தவப் பள்ளி’ என்ற பெயரில் பல நூறு தனியார் பள்ளிகள் நடக்கின்றன. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 2000-ல் தொடங்கப்பட்ட ஒரு பள்ளி, ஹைலேண்ட்ஸ் லத்தீன் பள்ளி என்று தன் பெயரிலேயே லத்தீனை வைத்திருக்கிறது. இத்தகைய பள்ளிகளில் சிறு வகுப்பிலேயே லத்தீன் தொடங்கிவிடும். முதலில் இலக்கணமும் மனப்பாடமும், அடுத்து தர்க்கம், பிறகு பேச்சும் எழுத்தும் என்று மூன்று படிகளாகப் பாடம் நடக்கும். ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947-ல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரை ஒன்றுதான் இந்த முறைக்கு வழிகாட்டி.

குழந்தைக்கு மொழியின் எலும்புக்கூட்டைக் கற்றுக்கொடு, யோசிக்கக் கற்றுக்கொடு, எதிரே இருப்பவரை மறுத்துப் பேசக் கற்றுக்கொடு என்பது நல்ல பாடத்திட்டம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. யாருக்காக என்பதில்தான் சண்டை. பெரும்பாலும் இவை ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம் வாங்கும் பள்ளிகள்.

இந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் டக்ளஸ் வில்சன் என்ற போதகர். ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்ற சிற்றூரில் 1981-ல் லோகோஸ் பள்ளியைத் தொடங்கியவர்களில் அவரும் உண்டு. அவரே 1996-ல் இன்னொரு போதகருடன் சேர்ந்து, அமெரிக்கத் தெற்கின் அடிமைமுறையில் எஜமானுக்கும் அடிமைக்கும் இடையே பாசம் நிலவியது என்று வாதாடும் ஒரு சிறு நூலை எழுதினார். வரலாற்று ஆசிரியர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். வேறொரு நூலிலிருந்து எடுத்த பகுதிகள் அதில் இருந்ததும் வெளியே வந்து, அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. தான் இனவெறியர் அல்ல என்றே வில்சன் சொல்லிவருகிறார். இந்த வகைப் பள்ளி நடத்துபவர்கள் எல்லாரும் அவரைப் போன்றவர்கள் என்று சொல்வது அநியாயம். ஆனால் ‘பண்ணையாரும் பண்ணையாளும் அந்தக் காலத்தில் அண்ணன் தம்பியாக இருந்தார்கள்’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த நூலின் வாடை நன்றாகத் தெரியும்.

இதைப் படிக்கும் மாணவருக்கு, லத்தீன் என்பதே வெள்ளையர்களின் பெருமைக்கான சொத்து என்று தோன்றலாம். அப்படி அல்ல. கிறிஸ்தவர்கள் நடத்திய, லத்தீனை முன்னிறுத்திய இன்னொரு வகைத் தனியார் பள்ளியும் அந்த நாட்டில் இருந்தது. அதன் கதையைத்தான் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணுவதற்கு மட்டும் அனுமதி

அதற்கு முன் ஒரு சட்டத்தைப் பார்த்துவிடுவோம். வட கரோலினா மாநிலம் 1830-ல், அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது குற்றம் என்று சட்டம் போட்டது. மீறிக் கற்றுக்கொடுத்தால் வெள்ளையருக்கு அபராதமோ சிறையோ கிடைக்கும், அடிமைக்குக் கசையடி கிடைக்கும். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. எண்களைக் கற்றுக்கொடுக்கலாம்!

ஏன் இந்தத் தாராளம்? மூட்டையை எண்ணவும் பலகையை அளக்கவும் ஆள் வேண்டுமே. எஜமானின் வேலைக்கு எவ்வளவு படிப்பு தேவையோ அவ்வளவு படிக்கலாம், அதைத் தாண்டக் கூடாது. அடக்கிவைக்கப்பட்ட மக்களுக்கு எங்கே கல்வி வகுக்கப்பட்டாலும் இந்த அளவுகோலை நீங்கள் பார்க்கலாம். முழுவதுமாக மறுப்பது ஒரு வகை. அளந்து கொடுப்பது இன்னொரு வகை. இரண்டாவது அனுதாபத்தோடு வருவதால் அடையாளம் காண்பது கடினம்.

அடிமைமுறையை ஆதரித்த பெரிய அரசியல்வாதி ஜான் கல்ஹூன். கிரேக்க இலக்கணம் தெரிந்த ஒரு நீக்ரோவைக் காட்டினால், நீக்ரோவும் மனிதன்தான் என்று ஒப்புக்கொள்வேன் என்ற பொருளில் அவர் பேசியதாக, கறுப்பினப் போதகர் அலெக்சாண்டர் கிரம்மெல் பதிவு செய்திருக்கிறார். இளம் வயதில் நியூயார்க்கில் அலுவலகப் பையனாக வேலை செய்தபோது காதில் விழுந்த பேச்சு அது. கற்கவே விடாமல் தடுத்துவிட்டு, கற்றுக் காட்டு பார்க்கலாம் என்கிற சவால். கிரம்மெல் பின்னாளில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் படித்துப் பட்டம் வாங்கினார். ஜார்ஜியா மாநிலத்தில் 1852-ல் அடிமைத் தாய்க்குப் பிறந்து, ஒளிந்து ஒளிந்து எழுத்துக் கற்ற வில்லியம் ஸ்கார்பரோ 1881-ல் கிரேக்க மொழிக்கே ஒரு பாடநூல் எழுதி வெளியிட்டார். கல்ஹூன் அப்போது உயிரோடு இல்லை.

பண்ணையிலிருந்து லத்தீனுக்கு

இனி அந்தப் பள்ளியின் கதை. பிலடெல்பியா நகரில் ரிச்சர்ட் ஹம்ப்ரீஸ் என்ற குவேக்கர் இருந்தார். குவேக்கர்கள் அடிமைமுறையை எதிர்த்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். 1832-ல் அவர் இறந்தபோது, ஆப்பிரிக்க வம்சத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த 10,000 டாலர் எழுதிவைத்தார். 1837-ல் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டது. உயிலில் இருந்தது கைத்தொழிலும் விவசாயமும். அதனால் நிர்வாகிகள் முதலில் நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணைப் பள்ளியை நடத்தினார்கள். அது நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

பிறகு நகரத்தில் கைத்தொழில் செய்துவந்த கறுப்பினத்தவர்களே நிர்வாகிகளை அணுகி, எங்கள் பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். தொழில் அவர்களுக்குத் தெரியாததா? அதை அவர்களே வீட்டில் சொல்லித்தர முடியும். வீட்டில் இல்லாததைத்தான் பள்ளியில் கேட்டார்கள். 1852-ல் லோம்பார்ட் தெருவில் புதிய பள்ளி திறந்தது. இன்ஸ்டிடியூட் ஃபார் கலர்டு யூத் என்பது அதன் பெயர். ஆசிரியர்கள் கறுப்பினத்தவர்கள். பாடங்களில் லத்தீன், கிரேக்கம், உயர் கணிதம் எல்லாம் இருந்தன. அடிமைமுறை நாட்டில் இன்னும் ஒழிக்கப்படாத காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அங்கே தலைமை ஆசிரியராக இருந்த எபனேசர் பாசெட் 1869-ல் ஹெய்ட்டி நாட்டுக்கான அமெரிக்கத் தூதரானார். அமெரிக்காவின் முதல் கறுப்பினத் தூதர் அவர். அங்கே படித்து அங்கேயே ஆசிரியரான ஆக்டேவியஸ் கேட்டோ, கறுப்பினத்தவர்களின் வாக்குரிமைக்காகப் போராடி, 1871-ல் தேர்தல் நாளன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இறந்த மொழியைப் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு வாழ்க்கையும் பதில் சொல்லும்.

பாசெட்டுக்குப் பின் தலைமை ஏற்றவர் ஃபேனி ஜாக்சன் காப்பின். 1837-ல் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய அத்தை 125 டாலர் கொடுத்து அவரை விடுதலைக்கு வாங்கினார். வீட்டு வேலை செய்து படித்து, ஓபர்லின் கல்லூரியில் ஆண்களுக்கான பாடத்திட்டம் என்று சொல்லப்பட்ட லத்தீன், கிரேக்கப் படிப்பை எடுத்து 1865-ல் தேறினார். வகுப்பில் பதில் சொல்ல எழும்போதெல்லாம் தன் இனத்தின் மானமே தன் தோளில் இருப்பதாக உணர்ந்தேன் என்று பின்னாளில் எழுதினார். நம் தெருவிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன எவருக்கும் அந்தப் பாரம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அவர் தலைமையில் பள்ளியில் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. தச்சு, செங்கல் கட்டுமானம், அச்சு போன்ற தொழில்களைக் கற்றுத்தரும் பிரிவையும் அவரே போராடித் தொடங்கினார். ஏனென்றால் அந்த நகரத்துத் தொழிற்கூடங்கள் கறுப்பினப் பையன்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். அவர் உழைப்பைக் கேவலமாக நினைத்தவர் அல்ல. லத்தீனை எடுத்துவிட்டுத் தச்சு கொடு என்று அவர் கேட்கவில்லை. இரண்டும் வேண்டும், எது வேண்டும் என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும் என்றார்.

அவர் 1902-ல் ஓய்வு பெற்றார். அதன் பிறகு நடந்தது வேதனையானது. கறுப்பினத்தவர்களுக்குத் தொழிற்கல்விதான் ஏற்றது என்ற கருத்து அந்தக் காலத்தில் செல்வாக்கோடு இருந்தது. அதன் பெரிய குரல் புக்கர் டி. வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவர்தான், தன் மக்களின் மேல் அக்கறை உள்ளவர்தான். பணம் கொடுத்த வெள்ளையர்களுக்கு அவருடைய யோசனை மிகவும் பிடித்திருந்தது. குவேக்கர் நிர்வாகிகளும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பழைய பாடத்திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி நகரத்தை விட்டு வெளியேறி, செய்னி என்பவருடைய பண்ணைக்கு இடம் மாறியது.

பண்ணையில் தொடங்கியது மீண்டும் பண்ணைக்கே போய்ச் சேர்ந்தது. இடையில் ஐம்பது ஆண்டுகள் லத்தீன் ஒலித்தது. அந்த நிறுவனம் இன்று செய்னி பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. ஆனால் 1902-ல் எடுத்த முடிவை எடுத்தவர்கள் யார்? அங்கே படித்த பிள்ளைகள் அல்ல, பெற்றோர்கள் அல்ல. நன்கொடை கொடுத்தவர்களும் நிர்வாகிகளும். பிறருடைய தயவில் திறக்கும் கதவு, அவர்கள் மனம் மாறினால் மூடிக்கொள்ளும் என்பது இந்தக் கதையின் கசப்பான பாடம்.

அரசுப் பள்ளியின் லத்தீன் டீச்சர்

அந்தச் சமயத்தில் தலைநகர் வாஷிங்டனில் இன்னொரு பெண்மணி இதே போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். அன்னா ஜூலியா கூப்பர். அடிமைகளுக்கு எழுத்தை மறுத்ததே, அதே வட கரோலினாவில் 1858-ல் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் திருச்சபை நடத்திய பள்ளியில் படித்தார். அங்கே கிரேக்கம் பையன்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். சண்டை போட்டு உள்ளே போனார்.

பிறகு எம் ஸ்ட்ரீட் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகி, 1902-ல் அதன் முதல்வரானார். அது கறுப்பினப் பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி. அங்கே லத்தீன் நடத்தி, பிள்ளைகளை ஹார்வர்டு, பிரவுன் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார். பாடத்தைத் தரம் குறைக்கச் சொன்ன மேலதிகாரிக்கு அவர் பணியவில்லை. 1906-ல் பதவி போயிற்று. சில ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்கு லத்தீன் ஆசிரியராகத் திரும்பி வந்தார். 1925-ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள்: புரட்சிக் கால பிரான்ஸ் அடிமைமுறையை எப்படிப் பார்த்தது என்பது. 105 வயதுவரை வாழ்ந்து 1964-ல் இறந்தார்.

உயர்ந்த பாடம் தனியார் பள்ளியில்தான் கிடைக்கும் என்று இன்று நாம் நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். கூப்பர் அதை அரசுப் பள்ளியில் நடத்திக் காட்டினார். தடுத்தது பிள்ளைகளின் மூளை அல்ல, மேலிடத்தின் மனம்.

அம்பேத்கரும் டு பாய்ஸும்

கறுப்பினப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி வேண்டும் என்று புக்கர் வாஷிங்டனோடு வாதாடியவர் அறிஞர் டு பாய்ஸ். அவருடைய முதல் பல்கலைக்கழக ஆசிரியப் பணியே வில்பர்ஃபோர்ஸில் லத்தீனும் கிரேக்கமும் நடத்துவது. அந்த டு பாய்ஸுக்கு 1946-ல் இந்தியாவிலிருந்து ஒரு கடிதம் போனது. எழுதியவர் பாபாசாகேப் அம்பேத்கர். கறுப்பினத்தவர்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டிருந்தார். டு பாய்ஸும் பதில் எழுதினார்.

அந்தக் கறுப்பினப் பிள்ளைகளின் காயம் பாபாசாகேப்புக்கும் உண்டு. பாபாசாகேப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாத சாதிப் பையன் என்று அந்தப் பாடம் அவருக்கு மறுக்கப்பட்டது. வேறு வழியில்லாமல் பாரசீகம் எடுத்தார். வருடங்கள் கழித்து, 1946-ல் வந்த ‘சூத்திரர்கள் யார்?’ நூலின் முன்னுரையில், சமஸ்கிருதப் புலமை இல்லாதவர் இதையெல்லாம் எழுதலாமா என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் அவர்கள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டதும் அவர்கள்தான். கல்ஹூனின் சவாலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் மாநிலத்திலும் அளந்து கொடுக்கும் முயற்சி நடந்தது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில், பிள்ளை பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்து, காமராஜர் முதல்வரான பிறகு 1954-ல் அது கைவிடப்பட்டது. திட்டம் போய்விட்டது. அந்த மனம் மட்டும் சேர்க்கை மேசைக்குப் பின்னால் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நம்முடைய லத்தீன் எது?

எல்லாரும் லத்தீன் படியுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. ‘வெள்ளைக்காரன் மொழியை நம் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்?’ என்று கறுப்பினத்தவர்களிலேயே கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. ஆனால் வேண்டாம் என்று நாமாக விடுவது வேறு, உனக்கு வேண்டாம் என்று இன்னொருவர் தட்டிப் பறிப்பது வேறு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதை எட்டிப் பிடித்தவருக்குத்தான் கிடைக்கும்.

பண்டிதர் அயோத்திதாசர் பாலியும் பழந்தமிழும் படித்தார். அதனால்தான் நம் வரலாற்றை மற்றவர் சொன்னபடி ஏற்காமல் தானே எடுத்து எழுத முடிந்தது. பழைய நூல்களின் சாவி கையில் இருந்தால், அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

இன்று நம் ஊர்ப் பிள்ளைக்கு லத்தீன் எது? சிலருக்கு அது கணிதம். சிலருக்கு ஆங்கிலம். சிலருக்குச் சட்டம். சிலருக்குத் தமிழ் இலக்கணமும் கல்வெட்டு எழுத்தும். எந்தப் பாடத்தைக் கேட்கும்போது எதிரே இருப்பவர் முகம் சுளித்து, உனக்கு எதுக்கு என்கிறாரோ, அதுதான் உன்னுடைய லத்தீன்.

தொழிற்பிரிவு எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. விருப்பத்தோடு எடுக்கும் பிள்ளைக்கு அது நல்ல வழி. எனக்கு மண் பிடிக்கும், நான் படித்த வேளாண்மைப் பாடம் என்னைக் கைவிடவும் இல்லை. ஆனால் அன்று என்னிடம் யாரும் விருப்பத்தைக் கேட்கவில்லை, தெருவைத்தான் கேட்டார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கை நாளன்று தனியாகப் போகாதீர்கள், தெருவில் படித்த பிள்ளை ஒருவரைக் கூட அழைத்துப்போங்கள். விண்ணப்பத்தில் குரூப் பெயரை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். இடமில்லை என்றால் மதிப்பெண் வரிசைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பணிவாகவே கேட்கலாம். கேட்காமல் திரும்ப வேண்டாம்.

தம்பி, தங்கைகளே, அத்தையின் 125 டாலரில் விடுதலையான ஒரு பெண், கல்லூரி வகுப்பில் எழுந்து நின்று பதில் சொன்னாள். சேர்க்கை மேசைக்கு முன்னால் நிற்கும்போது அவளை நினைத்துக்கொள்ளுங்கள். ‘உனக்கு எதுக்கு?’ என்று யாராவது கேட்டால், ‘படிக்கத்தான் சார்’ என்று சொல்லுங்கள். வேறு விளக்கம் எதுவும் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.